வாசலுக்கு வந்த மருத்துவம் திண்ணையில் உட்காரட்டும்

எங்கள் தெருக்கோடியில் ஒரு லைன் வீடு இருக்கிறது. ஓசூரில் இப்படி எத்தனையோ: நடுவே ஒரு நடை, இருபுறமும் நாலு நாலு கதவு, கடைசியில் பொதுக் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் முதல் ஷிப்டுக்காரர்கள் ஓடுவார்கள். எட்டரைக்குள் ஜெனரல் ஷிப்டும் பள்ளிக்கூடமும் மற்றவர்களைக் கொண்டுபோய்விடும். அதன்பின் எட்டு வீட்டுக்கும் சேர்த்து விழித்திருப்பவர்கள் மூன்று பேர். மூவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் பையன்களை எழுப்பிவிடக் கூடாதே என்று அவர்கள் பேசிக்கொள்வதுகூடக் கிசுகிசுப்பாகத்தான்.

அவர்களில் ஒரு அம்மா, செங்கம் பக்கத்திலிருந்து மகனோடு வந்தவர். அவருடைய மருந்துக் கடை ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதில் இருக்கும் மாத்திரைகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள் இவை: 'வெள்ளைப் பெருசு', 'சின்னது', 'உருண்டை'. ஒருநாள் டப்பாவைத் திறந்து காட்டினார். பிரிக்காத இரண்டு அட்டைகள் ஓரமாகக் கிடந்தன. "இது யாருக்கோ வந்தது கண்ணு, என்னுது வெள்ளை. இது ரோசா கலர்ல இருக்கு. மாத்திரை குடுக்குற பொண்ணு மறுபடி வந்தா குடுத்துடலாம்னு வெச்சிருக்கேன்" என்றார். அட்டையை வாங்கிப் பார்த்தேன். அவருடைய ரத்த அழுத்த மாத்திரைதான். தயாரித்த கம்பெனி மாறியதால் நிறம் மாறியிருந்தது. பதினெட்டு நாளாக அவர் அந்த மாத்திரையைப் போடவில்லை. எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் அவர் மருந்து பெற்றுக்கொண்டவர்தான்.

முதியோர் மருத்துவம் பற்றிப் பேச இந்த டப்பா போதும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுவதற்குத் தனிக் காரணமும் உண்டு.

சாமனப்பள்ளியில் தொடங்கியது

2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கிவைத்தது இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றவர்களுக்கு, அந்த மாத்திரை வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கியது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சை, பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயிற்றுவழி டயாலிசிஸ் பைகள் எல்லாம் இதே திட்டத்தில் சேர்ந்தன. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலப் பெண்களே இதன் கை கால். 2024 செப்டம்பரில் தொற்றாநோய்த் தடுப்புக்கான ஐ.நா. பணிக்குழுவின் விருது இதற்குக் கிடைத்தது. பெருமைப்பட வேண்டிய விருதுதான். கூலி வேலையை விட்டுவிட்டு மாத்திரைக்காகப் பேருந்து ஏறிய மூதாட்டியின் மாதத்தில் ஒரு நாளை இந்தத் திட்டம் மீட்டுக் கொடுத்தது.

ஆனால், வாசல்வரை வந்தவர் உள்ளே வந்து உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிற நேரம் இந்தத் திட்டத்துக்குள் இல்லை. அடுத்த கட்டம் அந்த நேரம்தான், ஒரு பத்து நிமிடம். இந்த மாநில எல்லையோரத்து முதியவர்களின் நோய்களில் பல, அந்தப் பத்து நிமிடத்தில் வெளிப்படக்கூடியவை.

யார் இந்த முதியவர்கள்?

இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்து முதியோர் விகிதம் அதிகமுள்ள பெரிய மாநிலம் தமிழ்நாடு. 2011 கணக்கெடுப்பில் 10.4 சதவீதமாக இருந்த அறுபது வயதைக் கடந்தோர், 2021-ல் 13.6 சதவீதம் என்றும் 2031-ல் 18.2 சதவீதம் என்றும் மதிப்பிடப்பட்டிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011-லேயே 18.8 லட்சம். பன்னிரண்டில் ஒருவர் என்று குறைத்துப் போட்டாலும் ஒன்றரை லட்சம் முதியவர்கள். மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் பத்து. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு இயன்முறை சிகிச்சையாளர், ஆதரவு சிகிச்சைக்கு ஒரு செவிலியர். கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளலாம்.

ஓசூரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் 'இளைஞர்களின் ஊர்' என்றே எல்லோரும் பார்க்கிறார்கள். எழுபதுகளில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் வந்தன. இப்போது திம்ஜேப்பள்ளியில் டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி பக்கம் ஓலா. 2019-ல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. வேலைக்கு ஆள் எடுக்கும் ஊரில் கிழவர்களைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

ஆனால் இங்கே மூன்று வகையான முதியவர்கள் இருக்கிறார்கள். முதலாவது, இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். ராகியும் அவரையும் விளைந்த நிலத்தைத் தொழிற்பேட்டைக்கோ மனைப்பிரிவுக்கோ கொடுத்துவிட்டு, அதே நிலத்தின் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். இரண்டாவது, திருவண்ணாமலை, தருமபுரி, திருப்பத்தூர், சேலம் பக்கங்களிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளோடு வந்தவர்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். ரேஷன் அட்டையும் முதியோர் உதவித்தொகையும் சொந்த ஊரில், உடம்பு மட்டும் இங்கே. மூன்றாவது, மலையில் மிஞ்சியவர்கள். அஞ்செட்டி, உரிகம், பெட்டமுகிலாளம் பக்கத்துப் பிள்ளைகள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, ஆட்டையும் வீட்டையும் காத்துக்கொண்டிருப்பவர்கள்.

இந்த மூன்று வகையினரையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கும் அலுவலகம் எது? வருவாய்த் துறையிடம் உதவித்தொகைப் பட்டியல் இருக்கிறது. உணவுத் துறையிடம் குடும்ப அட்டைப் பட்டியல். சுகாதாரத் துறையிடம் நோயாளிப் பட்டியல். வாடகை வீட்டில் இருக்கும் செங்கத்து அம்மா, யாராவது எழுதிச் சேர்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மகன் ஓசூருக்குள்ளேயே மூக்கண்டப்பள்ளியிலிருந்து பாகலூர் சாலைக்கு வீடு மாற்றினால் அவருடைய தன்னார்வலரும் மாறிவிடுவார். அந்த மாற்றத்தை யார் யாரிடம் சொல்வது?

எண்ணாமல் விடுவது பட்டியலோடு நிற்பதில்லை. 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வு ஒரு அதிர்ச்சியைத் தந்தது. வயது வந்தோரில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது 33.9 சதவீதம் பேருக்கு, உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். வீடு தேடிப் போகும் திட்டத்துக்கு இந்த எண் ஒரு முக்கியக் காரணம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி நடக்கும் இந்த ஆய்வு 18 வயதில் தொடங்கி 69-ல் முடிகிறது. எழுபதைத் தாண்டியவர் அந்தச் சதவீதத்துக்குள் இல்லவே இல்லை.

ஜோமு, திம்மிரி, மரத்துப்போதல்

இந்த எல்லையில் பல பாட்டிகளுக்கு 'அவ்வா' என்றும் சிலருக்கு 'அஜ்ஜி' என்றும் பெயர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே சந்தையில் பேரம் பேசும் ஊர் இது. தலை சுற்றினாலும் வயிறு வலித்தாலும் எந்த மொழிக்காரரும் கையைக் காட்டிப் புரியவைத்துவிடலாம். ஆனால் ஒரு இடத்தில் மொழி காலை வாரிவிடுகிறது.

சர்க்கரை நோயில் மருத்துவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி, காலில் உணர்ச்சி இருக்கிறதா என்பது. நரம்பு பழுதுபட்டால் பாதம் மரத்துப்போகும். முள் குத்தியதும் தெரியாது, செருப்புக் கடித்ததும் தெரியாது. புண் ஆழமாகி எலும்பைத் தொடும்வரை வலிக்காது. கன்னடத்தில் இந்த மரத்துப்போதலை 'ஜோமு' என்பார்கள். தெலுங்கில் 'திம்மிரி'. திருநெல்வேலியிலோ நாகப்பட்டினத்திலோ பிறந்து இங்கே பணிக்கு வந்த இளம் மருத்துவரிடம் ஒரு அவ்வா "கால் திம்மிரி" என்று சொன்னால், அது "திமிர்" என்று காதில் விழுந்து சிரிப்பில் முடிந்துபோகலாம். அல்லது "கால் வலி" என்று சீட்டில் ஏறலாம். வலி என்று எழுதினால் வலி மாத்திரைதான் வரும். மரத்துப்போனது என்று எழுதினால் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பார்ப்பார்கள். ஒரு சொல்லில் ஒரு கால் போகும், அல்லது தப்பிக்கும்.

இதற்குப் பெரிய மொழிபெயர்ப்புத் துறை எதுவும் வேண்டாம். உடம்புக்கு வரும் ஒரு ஐம்பது உபத்திரவங்களை இந்த மொழிகளிலெல்லாம் எழுதி, ஒரே தாளில் அச்சடித்து, ஓசூர், தளி, கெலமங்கலம், சூளகிரி, வேப்பனப்பள்ளி வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலைய மேசைகளில் ஒட்டினால் போதும். சொற்களைத் தொகுக்க ஆளும் தேட வேண்டாம். வீடு வீடாகப் போகும் தன்னார்வலப் பெண்களுக்கு அவை ஏற்கெனவே வாயில் இருக்கின்றன.

எலும்பில் தங்கிய தண்ணீர்

"முட்டி பிடிச்சிக்கிச்சு, குனிய முடியல" என்பது இந்தப் பக்கத்துக் கிழவர்களின் அன்றாடப் பேச்சு. வயதானால் மூட்டு வலிக்கும் என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அப்படித் தலையாட்டுவது தவறு. பாறை இடுக்குகளில் ஓடும் இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக அளவுகோல். அதற்கு மேல் உள்ள தண்ணீரைப் பல் முளைக்கும் வயதில் குடித்தால் பல்லில் காவி படியும். பல்லாண்டுகள் குடித்தால் புளோரைடு எலும்பிலும் தசைநார்களிலும் படிந்து மூட்டை இறுக்கும், முதுகை வளைக்கும்.

இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தடுப்புத் திட்டம் 1,928 கோடி ரூபாயில் நிறைவேறி 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் குழாயில் வந்தபிறகு பிறந்த பிள்ளைகளின் பற்களுக்குத் தப்பிக்க வழி கிடைத்தது. ஆனால், அன்றைக்கே ஐம்பத்தைந்து, அறுபது வயதாக இருந்தவர்கள்? ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வெயிலில் உழைத்தவர்கள் அவர்கள். வெயிலில் உழைக்கிறவர் குடிக்கிற தண்ணீரின் அளவும் அதிகம். அவர்களுக்குத்தான் இன்று எழுபது வயது. புதுத் தண்ணீர் வந்தாலும் எலும்பில் படிந்த பழைய தண்ணீர் வெளியேறிவிடுவதில்லை. பதித்த குழாய்களுக்குக் கணக்கு உண்டு. அந்தத் தலைமுறையின் முதுகெலும்பை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூட்டு வலி தாங்காதவர் மருந்துக் கடைக்குப் போவார். சீட்டு கேட்காமலே நான்கு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். போட்டால் அன்றைக்கு ஆட்டின் பின்னால் நடக்கலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை, தினமும் விழுங்கும் வலி மாத்திரை இன்னும் வேகமாகச் சாய்க்கும். அரசு ஒரு கையால் ரத்த அழுத்த மாத்திரையை வீடு தேடிக் கொடுக்கிறது. அதே வீட்டில், அதே டப்பாவில், கடையில் வாங்கிய வலி மாத்திரை அதன் வேலையைக் கெடுக்கிறது. டப்பாவைத் திறந்து பார்க்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

நூற்றிருபது ரூபாய் உரிமை

தொழில் நகரத்துக்கென்று ஒரு மருத்துவ ஏற்பாடு இருக்கிறது: இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளி அதன் காப்பீட்டில் வருகிறார். அவரைச் சார்ந்திருக்கும் தாய் தந்தையரும் வருமான வரம்புக்கு உட்பட்டு அதில் சேரலாம். ஓசூரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. செங்கத்து அம்மாவின் மகன் ஒரு ஒப்பந்ததாரரிடம் வேலை செய்கிறார். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறது. அம்மாவின் பெயரைச் சேர்க்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. "அது ஆலையில அடிபட்டா பார்க்கிறதுதானே சார்?" என்றார். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் மறுபடியும் படிவம். குடும்பத்தார் விவரத்தை நிரப்பாமலே விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.

இதைவிட வியப்பான ஒன்று இருக்கிறது. குறைந்தது ஐந்தாண்டு இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வுபெற்ற தொழிலாளி, ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைவருக்கும் தொடர்ந்து மருத்துவம் கிடைக்கும். மாதத்துக்குப் பத்து ரூபாய். எண்பதுகளில் இந்தத் தொழிற்பேட்டையில் பதினெட்டு, இருபது வயதில் நுழைந்த முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் இப்போதுதான் ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம் விசாரித்தேன். கடைசி நாளில் சால்வை போட்டார்கள், கைக்கடிகாரம் கொடுத்தார்கள் என்றார்கள். இந்தப் படிவத்தைக் கொடுத்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

இங்கே அரசுக்குப் புதிய செலவு ஒன்றுமில்லை. ஓய்வுபெறும் நாளிலேயே 120 ரூபாய் படிவத்தை நிரப்பித் தருவது ஆலை மனிதவளப் பிரிவின் கடமை என்று தொழிலாளர் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். 2024-ல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று ஆலைக்குள்ளேயே ரத்த அழுத்தம், சர்க்கரை பரிசோதிக்கும் திட்டம் வந்தது. மகனின் கையில் அழுத்தக் கருவியைக் கட்டும்போதே, "வீட்டில் வயதானவர் இருக்கிறாரா, பெயர் சேர்த்துவிட்டீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். பெற்றோரைத் தேட வேறு முகாம் வேண்டியதில்லை.

அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்

ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். மாவட்டத் தலைநகர் கிருஷ்ணகிரியோ ஐம்பது கிலோமீட்டர். கிருஷ்ணகிரியை அடுத்த போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில்தான். அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளாக நெஞ்சு வலி என்றால் பெங்களூரின் ஜெயதேவா, புற்றுநோய் என்றால் கித்வாய், மூளை நரம்பு என்றால் நிமான்ஸ் என்றே இந்த ஊர் பழகியிருக்கிறது. அந்த மருத்துவமனைகளும் மாநிலம் பார்க்காமல் நோயாளியைப் பார்த்திருக்கின்றன. அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

சிக்கல் திரும்பி வரும்போதுதான். பெங்களூரில் பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்ற தாத்தா, நாலு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிய டிஸ்சார்ஜ் தாளோடு வீடு திரும்புகிறார். அடுத்த சில மாதங்கள்தான் அவருடைய கைகால் மீளுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கும் காலம். அவர் திரும்பியது அவருடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியாது. நம் அரசு மருத்துவமனையிலிருந்து போனால் தகவல் சொல்ல ஒரு வழி உண்டு. மாநில எல்லையைத் தாண்டி வந்தவரைப் பற்றித் தகவல் சொல்ல அப்படி ஒரு வழி இல்லை. ஒன்றிய இயன்முறை சிகிச்சையாளரின் பட்டியலில் அவர் பெயர் ஏறுவதற்குள் தோள் இறுகிவிடுகிறது.

கொரோனா காலத்தில் எல்லையின் இரு பக்கத்து ஊர்களான ஜுஜுவாடியிலும் அத்திப்பள்ளியிலும் தடுப்பு வைத்து இ-பாஸ் கேட்டபோதுதான், இந்த ஊரின் மருத்துவம் எவ்வளவு தூரம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது பலருக்குப் புரிந்தது. தடுப்பை எடுத்ததும் மறந்தும்போனோம். பேருந்து ஓட இரு மாநிலங்களுக்கிடையே ஒப்பந்தம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் தாளுக்கும் ஒன்று வேண்டும். பெங்களூரின் அரசு மருத்துவமனைகள் கிருஷ்ணகிரி மாவட்ட முகவரியுள்ள முதியவரை அனுப்பும்போது மாவட்டச் சுகாதார அலுவலருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். இரண்டு மாவட்ட நிர்வாகங்கள் உட்கார்ந்து பேசினால் முடிந்துவிடக்கூடிய காரியம் இது.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருக்கிறது. எழுபது வயது கடந்த எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீட்டை ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. இரண்டுமே முக்கியமாக மருத்துவமனைப் படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். கண்ணாடி, பல் செட், காது கேட்கும் கருவி, ஊன்றுகோல், கழிப்பறையில் பிடித்து எழ ஒரு கம்பி இவையெல்லாம் முதியவரை மருத்துவமனைக்குப் போகாமல் காப்பவை. அவற்றுக்குக் காப்பீட்டில் இடமில்லை. விழுந்து இடுப்பு முறிந்தபிறகு லட்சங்கள் வரும். விழாமல் இருக்கச் சில நூறு ரூபாய் வராது.

மலைமேல் ஒரு கணக்கு

அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அஞ்செட்டிக்கு வருவதற்கே நடக்க வேண்டிய குக்கிராமங்கள் உண்டு. நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிவந்த செய்தியை இந்த மலைப்பகுதியிலிருந்து பலமுறை படித்திருக்கிறோம். கையில் வரும் காசோ முதியோர் உதவித்தொகைதான்; 2023 ஆகஸ்டில் அது 1,200 ரூபாய் ஆனது. மாநில அரசு உயர்த்தியது அது. ஒன்றிய அரசின் பங்கு எண்பது வயதுக்குக் கீழ் 200 ரூபாய் என்று 2007-லிருந்து நகரவே இல்லை. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்பதால் அவ்வா கீழே இறங்கி வந்துவிட முடியும். தாத்தாவுக்குக் காசு வேண்டும். பேருந்து நிற்காத ஊர் என்றால் இருவருக்கும் ஷேர் ஆட்டோதான். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். முதல் பேருந்தைப் பிடித்து வந்து சேர்ந்து, ரத்தம் கொடுத்து, "முடிவை நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க" என்று சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பிய ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "நாளைக்கு வர்ற காசுக்கு நான் ஒரு வாரம் சாப்பிடுவேன் சாமி."

மருந்து போகிற வழியில் பரிசோதனையும் போக முடியும். மாதத்தில் ஒரு நாள், இன்ன கிழமை என்று உறுதியாகச் சொல்லி, சந்தை கூடும் நாளைப் பார்த்து வாகனம் போனால், நடக்க முடிந்தவர்கள் வந்துவிடுவார்கள். 2010-11-ல் தொடங்கிய தேசிய முதியோர் நலத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒருநாள் முதியோருக்கென்று ஒதுக்கச் சொல்கிறது. உங்கள் ஊரில் அது எந்தக் கிழமை என்று பத்து முதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்குத் தெரிகிறது என்பதிலேயே அந்தத் திட்டத்தின் நிலவரம் தெரிந்துவிடும்.

ஒருவருக்கு ஒருவர்

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய மாநிலம் அல்ல. இந்தியாவிலேயே முதன்முதலாக முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ்.நடராஜனின் முயற்சியால் தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டிருக்கிறது. கிண்டி ஓசூரிலிருந்து முந்நூறு கிலோமீட்டர். இங்கே தேவைப்படுவது கட்டடத்தைவிட ஒரு ஆள்.

ஜப்பான் 2000-ல் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது ஒரு புதிய வேலையை உருவாக்கியது. பராமரிப்பு தேவைப்படும் முதியவருக்கு, அவருக்கு என்னென்ன உதவி, எந்த நாளில், யார் மூலம் என்று திட்டமிட்டுத் தொடர்ந்து கவனிக்க ஒரு பொறுப்பாளர். பணக்கார நாட்டுக்கு முடியும் என்று சொல்வதற்கு முன் கேரளத்தைப் பார்க்கலாம். கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் அக்கம்பக்கத்தாரே படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வலைப்பின்னலை அமைத்தார்கள். 2008-ல் அதை மாநிலக் கொள்கையாக்கி, உள்ளாட்சி நிதியோடு இணைத்தார்கள். இன்னும் பக்கத்தில் தருமபுரி மாவட்டம் சிட்லிங்கி இருக்கிறது. 1993-ல் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் ஒரு குடிசையில் மருத்துவமனையைத் தொடங்கி, அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்கினார்கள். ஊர்ப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் அவளால் முடியும் என்பதற்குக் கிருஷ்ணகிரிக்காரர்கள் வேறு சான்று தேட வேண்டாம்.

ஆகவே, என் யோசனை சிறியது. இந்த மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு முதியவருக்கும், குடும்ப அட்டை எந்த ஊரில் இருந்தாலும், ஆதார் எந்த மாநிலத்து முகவரியில் இருந்தாலும், பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு பொறுப்பாளர் வேண்டும். அது இப்போது மருந்து கொண்டுவரும் தன்னார்வலப் பெண்ணாகவே இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் பத்து நிமிடம் உட்கார்ந்து ஆறு காரியம் பார்க்க வேண்டும். டப்பாவைத் திறந்து பார்ப்பது, உள்ளங்காலைப் பார்ப்பது, கண்ணும் காதும் எப்படி என்று கேட்பது, அண்மையில் விழுந்தாரா என்று கேட்பது, வேறு மருத்துவமனைக்குப் போய்வந்தாரா என்று கேட்பது, இ.எஸ்.ஐ.யோ காப்பீடோ பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது.

"இருக்கிற வேலையே தலைக்கு மேல்" என்று அந்தப் பெண்கள் சொல்வார்கள். நியாயம்தான். மருந்துப் பையோடு தெருத்தெருவாக நடப்பவர்களை 'தன்னார்வலர்' என்று அழைத்து ஊக்கத்தொகை கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டால் இந்தப் பத்து நிமிடத்தை அவர்களிடம் கேட்க நமக்கு உரிமையில்லை. உட்காரும் நேரத்துக்கும் கூலி வேண்டும். அவர் கொண்டுவரும் செய்தியைக் காதில் வாங்கி, அடுத்த நாளே ஏதாவது செய்யக்கூடிய மருத்துவரும் வேண்டும். இல்லையென்றால் இதுவும் இன்னொரு செயலியில் இன்னொரு கட்டத்தை நிரப்புவதாக முடிந்துவிடும். பணத்துக்கு வழி இல்லாத மாவட்டமா இது? ஆலைகள் சட்டப்படி ஒதுக்க வேண்டிய சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. பள்ளிச் சுவருக்கு வண்ணமடிப்பதோடு, தங்கள் தொழிலாளியின் தாயைப் பார்க்கப் போகும் பெண்ணின் கூலிக்கும் அதில் ஒரு பங்கு வரட்டும்.

செங்கத்து அம்மாவின் ரோசா கலர் மாத்திரைக்கு வருகிறேன். அடுத்த முறை அந்தத் தன்னார்வலப் பெண் வந்தபோது விஷயத்தைச் சொன்னோம். லைன் வீட்டுக்குத் திண்ணை ஏது? தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து, காலையில் போட வேண்டிய அட்டைகளின்மேல் ஒரு சூரியனும் இரவுக்கானதில் ஒரு பிறையும் வரைந்தார். "நிறம் மாறினா பயப்படாதீங்கம்மா, படத்தைப் பாருங்க" என்றார். பக்கத்து வீட்டு அவ்வா இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்த் தன் டப்பாவையும் எடுத்துவந்தார். அந்தப் பெண் மணியைப் பார்த்தார். இன்னும் பதினொரு வீடு பாக்கி இருந்தது. இருந்தாலும் டப்பாவை வாங்கித் திறந்தார்.